மதினி வைத்த நட்சத்திரம்

என் கடையில் இப்போது இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. வருகிறவர்கள் கண்ணில் படும்படி முன்னால் ஒரு புது லேப்டாப். திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு பழைய பெட்டி. அந்தப் பெட்டியில் ஓடும் போட்டோ சாஃப்ட்வேரைச் செய்த கம்பெனிக்காரர்களே அதைக் கைகழுவிப் பல வருஷம் ஆகிவிட்டது. திறக்கும்போதெல்லாம், இதற்கு இனி நாங்கள் பொறுப்பல்ல என்கிற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஒரு கட்டம் வரும். உங்களை யார் பொறுப்பாக இருக்கச் சொன்னது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அந்தக் கட்டத்தை மூடுவேன். இதை இன்னுமா கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று கேட்காத ஆள் கிடையாது. முன்பெல்லாம் அவர்களை உட்காரவைத்து விளக்கம் சொல்வேன். இப்போது வந்த வேலை என்ன என்று மட்டும் கேட்கிறேன். எழுத உட்கார்ந்த இடத்தில் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. சொல்லிவிடுகிறேன்.

கடை மூணாறு பக்கம் சூரியநெல்லியில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது. தொடங்கியது என் வீட்டுக்காரர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எஸ்டேட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் அவர்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவார். நான் அப்போது தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். டூரிஸ்ட்டுகள் மலையேற ஆரம்பித்ததும் அவர் ஒரு ஜீப்பை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். கடையை மூட எனக்கு மனசில்லை. பறிப்பை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்புவரை படித்தவள், கம்ப்யூட்டரைத் தொட்டதுகூடக் கிடையாது. அந்தச் சாஃப்ட்வேர் மட்டும் எனக்கு எப்படியோ படிந்தது. பெரிய பெரிய பொத்தான்கள், எதை அமுக்கினால் என்ன ஆகும் என்று பார்த்தாலே தெரியும். தப்பாக எதையாவது செய்தாலும் திரும்பிப் போய்விடலாம். எனக்குக் கற்றுக்கொடுத்த வேறு யாரிடமும் அவ்வளவு பொறுமை இருந்ததில்லை.

மதினி லயத்தில் எனக்குப் பக்கத்து வீடு. ரத்த உறவு எதுவும் இல்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் வீடுகளில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதாவது ஒரு முறை ஆகிவிடுவார்கள், அப்படி அவள் எனக்கு மதினி. என்னைவிடப் பதினைந்து வயசு மூத்தவள். மலையில் பதினொரு வருஷம் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் கொழுந்து எடுத்தோம். என் கை மெதுவாகப் போகிற நாளில் அவள் தன் வரிசையை முடித்துவிட்டு என் வரிசைக்குள் எதிர்ப்பக்கமாக நுழைந்து வருவாள். நடுவில் சந்திக்கும்போது ஒரு வசவு கிடைக்கும். ரிட்டயரான பிறகு மத்தியானச் சோறு முடிந்ததும் கடைக்கு வந்துவிடுவாள். என் தோளுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் படங்களை வெட்டுவதையும் நிறம் ஏற்றுவதையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். சும்மா பார்க்க மாட்டாள். மாப்பிள்ளையின் பெரியப்பாவை வெட்டு, அந்தாளு முகம் வெளங்காது என்பாள். கொஞ்ச நாளில் அவளே மவுஸைப் பிடித்து வெட்டப் பழகிக்கொண்டாள். கை நடுங்கும், கட்டம் கோணலாகப் போகும், ஆனாலும் விட மாட்டாள்.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் அடக்கத்துக்கு முன்னால் பிளக்ஸ் ஏறிவிட வேண்டும். கண்ணீர் அஞ்சலி என்று எழுதி, நடுவில் படம் வைத்து, பஸ் நிறுத்தத்தில் கட்டுவோம். அவசரத்தில் வீட்டுக்காரர்கள் கையில் கிடைப்பதைக் கொண்டு வருவார்கள். பெரும்பாலும் அடையாள அட்டைப் படமாகத்தான் இருக்கும். மதினியோடு வேலை பார்த்த ஒருத்தி இறந்தபோதும் அப்படித்தான் ஆனது. பிளக்ஸைக் கட்டியபின் மதினி அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

"ஏ புள்ள, அவ இப்படியா இருந்தா? திருட்டுக் கேசுல பிடிச்சு வச்சாப்புல இருக்கா."

"அவசரம் மதினி. இருந்த படத்தைத்தான போட முடியும்."

"எனக்கு மட்டும் இப்படிப் போட்டுப் பாரு. நேரா வந்து உன் கம்ப்யூட்டருக்குள்ள உக்காந்துக்கிருவேன்."

மறுநாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். படம் எடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, இருக்கிற படத்திலிருந்து ஒன்றை எடுத்து வைக்க வந்திருந்தாள். எங்கள் கடையில் எடுத்த படங்களில் அவள் இருப்பதையெல்லாம் தேடி ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுத்தேன். சாஃப்ட்வேரில் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு நட்சத்திரப் பொத்தான் உண்டு, அமுக்கினால் மஞ்சளாகும். பிடித்த படத்துக்கு அதை அமுக்கு மதினி, நான் குறித்துக்கொள்கிறேன் என்றேன். அவள் என்னை எழுந்திருக்கச் சொன்னாள்.

"நீ வெளிய போ. சாவுப் படத்தை முன்னாலயே இன்னொருத்தர் பார்த்தா, நாளைக்கே அது வேணும்னு வந்து நின்னுரும்."

அரை மணி நேரம் நான் முன்பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தவள் கையை நீட்டினாள். நான் போனப்புறம்தான் பார்க்கணும், பார்த்துட்டு அதையேதான் போடணும், வேற எதையும் போடக்கூடாது என்றாள். கையடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

விஷயம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. ரிட்டயராகிற பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து நட்சத்திரம் வைத்துவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் அதே சட்டம்தான், நான் வெளியே போய்விட வேண்டும். யாராவது இறந்தால் அவள் படங்களைத் திறந்து, மஞ்சளாக இருப்பதை எடுத்துப் பிளக்ஸுக்கு அனுப்புவேன். ஒருத்தி ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருக்கும் படத்துக்கு வைத்திருந்தாள். உயிரோடு இருக்கிற எதையும் இறந்தவர் படத்தில் சேர்த்து மாலை போடக் கூடாது என்பது எங்கள் பழக்கம். அந்த ஆடு அவளுக்கு முன்னாலேயே குழம்பாகிவிட்டதால் யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை. இப்படி ஒரு தடவைகூடத் தப்பு நடந்ததில்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டியதுதானே என்று பின்னால் என் மகன் கேட்டான். எழுத வேண்டுமென்றால் நான் பார்க்க வேண்டும். பார்க்கக் கூடாது என்பதுதானே ஏற்பாடு. அந்த நட்சத்திரங்கள் சாஃப்ட்வேருக்கு மட்டும்தான் தெரியும்.

மகன் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான், பாலக்காட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். போன ஓணம் லீவுக்கு வந்தவன் என் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். பிளக்ஸ் அச்சடிக்கிறவர்களுக்குப் படம் அனுப்பும் சைட் அதில் திறக்காமல் போய் ஒரு மாசமாகியிருந்தது, அதனால் நானும் வாயைத் திறக்க முடியவில்லை. உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு வேகமான புது டிஸ்க்கை மாட்டினான், புது சிஸ்டத்தை ஏற்றினான். ஒரு படம்கூட விடாமல் காப்பி பண்ணிட்டேன்மா, எல்லாம் இருக்கு என்றான். எண்ணிப் பார்த்தேன், எல்லாம் இருந்தது. அவன் பஸ் ஏறிய மறுநாள் என் பழைய சாஃப்ட்வேரைத் திறந்தேன். இந்தக் கம்ப்யூட்டரில் இது ஓடாது என்று செய்தி வந்தது. போன் பண்ணினேன். அதெல்லாம் செத்துப்போன சாஃப்ட்வேர்மா, புதுசு ஒண்ணு வச்சிருக்கேன், அதைப் பழகு என்றான். சரி, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அந்த அலட்சியம் என் தப்பு, அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

வியாழக்கிழமை காலையில் மதினிக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

பத்து மணிக்கு அவளுடைய மூத்த மகன் கடைக்கு வந்தான். டீ பேக்டரியில் வேலை பார்க்கிறவன், என்னை அத்தை என்று கூப்பிடுகிறவன். மூன்று மணிக்கு அடக்கம், அம்மா படத்தை அனுப்பிவிடுங்கள் என்றான். நான் அழுதுகொண்டே கம்ப்யூட்டரைப் போட்டேன். அதே செய்திதான் வந்தது, திரும்பத் திரும்ப அமுக்கினாலும் அதே செய்தி. என் மகன் ஷிஃப்டில் இருந்தான், போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். புது சாஃப்ட்வேரைத் திறந்தால் மதினி படங்கள் கல்யாணம் கல்யாணமாகச் சிதறிக் கிடந்தன, எதிலும் ஒரு மஞ்சள் புள்ளி இல்லை. ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்த மதினியின் மகன் சட்டைப் பையிலிருந்து அவளுடைய அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"இதையே போடுங்க அத்தை. நேரமில்ல."

போட்டேன். அந்த அட்டைப் படத்தை என் கையாலேயே பெரிதாக்கிப் பெயர் எழுதி அனுப்பினேன். மத்தியானம் பிளக்ஸ் வந்து கடைக்கு எதிரே ஏறியது. திருட்டுக் கேசில் பிடித்து வைத்தது போலவேதான் மதினி இருந்தாள். அது கிழிந்து இறங்கும்வரை நான் கடையில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. செத்தவளிடம் வெட்கப்படுவதைப்போலக் கஷ்டம் வேறில்லை, மன்னிப்புக் கேட்டால் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

பிளக்ஸ் ஒரு வாரத்தில் நைந்துவிடும். பதினாறாம் நாள் சாமி கும்பிட்டுச் சுவரில் மாட்டுகிற, சட்டம் போட்ட படம்தான் நிற்கும். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு மதினி என்றால் அந்த முகம்தான். எனக்கு இன்னும் நாள் இருந்தது. மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பதினாறுக்கு உங்கம்மா எடுத்து வச்ச படத்தைத்தான் சட்டம் போட்டுக் கொண்டுட்டு வருவேன்."

"எதையாவது போடுங்க அத்தை. போனவுக வந்தா பார்க்கப் போறாக?"

"நான் பார்ப்பேன்ல."

அன்று சாயங்காலம் என் மகனைப் போனில் பிடித்தேன். முதலில் அவன் புது சாஃப்ட்வேரின் பெருமையைப் பாடினான். அது தானாகவே முகத்தைக் கண்டுபிடித்து ஆள்வாரியாகப் பிரித்துவிடுமாம். பிரிக்கச் சொன்னேன். தலையில் துணி கட்டிய பெண்கள் அத்தனை பேரையும் ஒரே ஆளாகச் சேர்த்து, இவர் யார், பெயர் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டது. அதில் மதினி இருந்தாள், நான் இருந்தேன், மேல் லயத்துக்காரிகள் எல்லாரும் இருந்தார்கள், தலையில் துண்டு கட்டிய சமையல்காரர் ஒருவரும் இருந்தார். நல்ல புத்திசாலி என்று மூடிவிட்டேன்.

எங்கெங்கோ தேடிப் பழைய சாஃப்ட்வேரை இறக்கி, போனிலிருந்தபடியே என் கம்ப்யூட்டரைத் திறந்து அதை ஓடவைத்தும் பார்த்தான். திறந்தது. உள்ளே படங்கள் இருந்தன, நட்சத்திரம் இல்லை. நான் வருஷக்கணக்காக வெட்டிய வெட்டுகளும் இல்லை, எல்லாப் படமும் கேமராவிலிருந்து அன்றைக்குத்தான் இறங்கியது போல முழுசாக நின்றது. அப்போதுதான் மகனுக்கே விஷயம் விளங்கியது. அந்தச் சாஃப்ட்வேர் படத்தை நிஜமாக வெட்டுவதே இல்லையாம். எங்கே வெட்ட வேண்டும், எதற்கு நட்சத்திரம் என்பதைத் தனியாக எழுதி வேறொரு இடத்தில் வைத்துக்கொள்ளுமாம். தையல்காரர் துணியில் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இவன் துணியையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுக் கோட்டை விட்டுவிட்டான்.

"அந்தக் கோடு எங்கடா இருக்கு?"

"பழைய டிஸ்க்ல இருக்கும்மா."

"பழைய டிஸ்க் எங்க?"

"இங்கதான். சினிமா ஏத்தி வைக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

"ஏத்திட்டியா?"

"இன்னும் இல்லம்மா. அழிச்சுட்டு ஏத்தணும், அதுக்கு நேரம் கிடைக்கல."

என் மகனுடைய சோம்பேறித்தனத்துக்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான். அதில் கை வைத்தாயென்றால் வீட்டுக்குள் காலெடுத்து வைக்காதே என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாசம் நானே கொண்டு வருகிறேன் என்றான். பதினாறு வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, நீ அடுத்த மாசம் வந்து யாருக்கு மாட்டப் போகிறாய் என்றேன். லீவு கிடைக்காது, அதற்கு அவன் என்ன செய்வான். கூரியரில் போடட்டுமா என்று கேட்டான். எங்கள் மலைக்குக் கூரியர் வந்து சேருவதற்குள் வருஷத் திதியே வந்துவிடும்.

என் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். காந்தலூரிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு பாலக்காட்டு மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி ஒன்றின் டிரைவர் அவருக்குச் சிநேகிதர். திரும்பும்போது வண்டி காலியாகத்தான் வரும். மகன் மார்க்கெட்டுக்குப் போய் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி டிரைவர் கையில் கொடுத்தான். அவர் சூரியநெல்லிவரை வர மாட்டார், மறையூரோடு சரி. பதினோராம் நாள் காலையில் கடையைப் பூட்டிவிட்டு நான் மூணாறுக்கு ஒரு பஸ், மூணாறிலிருந்து மறையூருக்கு ஒரு பஸ் ஏறிப் போனேன். வழியில் மரம் விழுந்து கிடந்தது, வெட்டி எடுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. டிரைவர் எனக்காகக் காத்திருந்து மூன்று டீ குடித்திருந்தார்.

"இதுக்குள்ள என்ன இருக்குங்க? உங்க பையன் குழந்தையைக் குடுக்கற மாதிரிக் குடுத்தாப்புல."

"எங்க மதினி இருக்கா," என்றேன். அவர் துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றி என் கையில் கொடுத்தார்.

டிஸ்க் முழுக்கப் பூண்டு வாசனை. மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் மகனுக்கு வீடியோ கால் போட்டு எதிரில் சாய்த்து வைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். நீ தொடாதம்மா, மூணாற்றிலிருந்து ஆளைக் கூப்பிடு என்று அவன் கெஞ்சினான். மூணாற்று ஆள் வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், நாளைக்கு நாளைக்கு என்று சொல்வதற்கு எனக்கு நாள் இல்லை. எது எந்த ஒயர் என்று மட்டும் சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். புது டிஸ்க்கை உருவி வைத்துவிட்டுப் பழையதைச் சொருகினேன். ஸ்விட்சைப் போட்டால் 'கீ, கீ' என்று சத்தம் மட்டும் வந்தது. ஒயரை மாற்றிக் குத்தியிருந்தேன். சரி செய்து போட்டேன், பாதி ஏறும்போது கரண்ட் போய்விட்டது. வந்ததும் மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை பழைய சிஸ்டம், பழைய நீலப் படம், ஓரத்தில் என் பழைய சாஃப்ட்வேரின் சின்னம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. நாங்கள் இனிப் பொறுப்பல்ல என்கிற கட்டமும் வந்தது. அதை மூடினேன். உள்ளே எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

இன்னும் உயிரோடு இருக்கிற பெண்களின் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு மதினியின் பெயரை மட்டும் அமுக்கினேன். மகனிடம் போனை வைக்கச் சொன்னேன். இது எனக்கும் அவளுக்கும் உள்ளது.

நூற்றுக்கு மேல் படங்கள் இருந்தன. கோயில் கொடைவிழாவில் முளைப்பாரியோடு நிற்பது, மகன் கல்யாணத்தில் பட்டுச்சேலையில் இருப்பது, பேத்தியைத் தூக்கி வைத்திருப்பது. அந்தப் பட்டுச்சேலைப் படமாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அதில் நட்சத்திரம் இல்லை. கீழே, கடைசிக்குப் பக்கத்தில், ஒன்று மஞ்சளாக இருந்தது.

நான் பறிப்பை விட்ட கடைசி நாளில் என் வீட்டுக்காரர் எடுத்த படம் அது. கொழுந்து நிறுக்கிற இடம். நிஜப் படத்தில் ஆறு பெண்கள் உண்டு, நோட்டோடு சூப்பர்வைசர் உண்டு, சாக்குக் குவியலும் டிராக்டரும் உண்டு. மதினி அதை வெட்டியிருந்தாள். கட்டம் கோணலாக இருந்தது, ஓரத்தில் சூப்பர்வைசருடைய முழங்கை மட்டும் தப்பித்து நின்றது. நடுவில் இரண்டே பேர், மதினியும் நானும். என் தலைத்துணியை அவிழ்த்து அதாலேயே என் முகத்தைத் துடைத்துவிடுகிறாள். நான் சிரித்துக்கொண்டே அழுகிறேன். அவள் கேமராவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்க்கிறாள்.

முதலில் கோபம்தான் வந்தது. செத்தும் என்னை வம்பில மாட்டிவிட்டுட்டுப் போயிட்டியே மதினி என்று வாய்விட்டுத் திட்டினேன். அப்புறம் பயம் வந்தது. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, ஐம்பத்து நான்கு வயசு. என் முகத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றுவதை நானே நின்று பார்க்க வேண்டும். பயமில்லை என்று சொன்னால் பொய். அதற்கெல்லாம் பிறகுதான் சந்தோஷம் வந்தது, மெதுவாக. என் கூடப்பிறந்தவர்கள் யாரும் தங்கள் பக்கத்தில் நிற்க என்னை இப்படிக் கேட்டதில்லை.

என்னை வெட்டி எடுத்துவிடலாம் என்று முயன்றும் பார்த்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன். கட்டத்தை நகர்த்தி மதினியை மட்டும் நிறுத்தினேன். கையில் துணியோடு வெறும் காற்றைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, பழையபடி ஆக்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் மகனை வரவழைத்துக் காட்டினேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எங்களோட எடுத்த படம் அம்புட்டு இருக்கே அத்தை. அதுல ஒண்ணுகூட அவளுக்குத் தோணலையா?"

அவன் முகம் சின்னப்பிள்ளை முகம் போல ஆகிவிட்டது. உங்களோடு இருக்கிற படம் வீட்டில் சுவர் முழுக்க இருக்கிறது, இது மட்டும்தான் எங்கேயும் இல்லை என்றேன். அது உண்மைதானா, அவனைத் தேற்றுவதற்காகச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது.

"உங்களை வெட்டிருங்க அத்தை. உயிரோட இருக்கவுக படத்துக்கு மாலை போட்டா நல்லதில்ல. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"உங்கம்மாவுக்கு வெட்டத் தெரியும். அஞ்சு பேரையும் டிராக்டரையும் வெட்டினவளுக்கு என்னை வெட்டத் தெரியாதா?"

அவன் எழுந்து போய்விட்டான். போகும்போது, உங்க இஷ்டம், ஆனா மாலையை நான் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான். விஷயம் என் வீட்டுக்கும் எட்டியது. சுமங்கலி படத்துக்கு மாலையா என்று என் வீட்டுக்காரர் குதித்தார். உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது, நான் இருக்கும்போதே இதெல்லாம் செய்வாயா என்றார். சத்தியம் செய்தது நான், நீங்கள் இல்லை என்றேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை, சோற்றை மட்டும் சாப்பிட்டார். பாலக்காட்டிலிருந்து மகனும் போனில் மன்றாடினான். எல்லாருக்கும் என்மேல் அக்கறைதான், அது எனக்குத் தெரியாதா. ஆனால் அத்தனை பேரும் பேசினது என்னைப் பற்றி. மதினி என்ன கேட்டாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு தடவை அட்டைப் படத்தைப் போட்டு அவளை ஏமாற்றியாகிவிட்டது. இன்னொரு தடவை என் கை அதைச் செய்யாது.

படத்தை அவள் வெட்டிய அளவிலேயே அச்செடுத்தேன். கோணலைச் சரி செய்யவில்லை, அந்த முழங்கையையும் எடுக்கவில்லை. கடையிலிருந்த தேக்குநிறச் சட்டத்தை அளந்து வெட்டி, கண்ணாடி போட்டு, ஆணி அடித்தேன்.

பதினாறாம் நாள் காலையில் சட்டத்தைச் சேலைத் தலைப்பில் மூடி எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனேன். முன்அறை முழுக்க ஆட்கள். அவளோடு பறித்த பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். படத்தை விளக்குக்குப் பின்னால் சுவரில் சாய்த்துவைத்துத் தலைப்பை எடுத்தேன். எல்லாரும் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். மேல் லயத்துக்காரி ஒருத்தி, அன்னைக்கு நானும் பக்கத்துலதான் நின்னேன், என்னைய வெட்டிப்புட்டாளே என்றாள். நாலைந்து பேர் சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் உள்ளே வரவில்லை, வாசலில் ஜீப்பில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசாரி மாலையை எடுத்து நீட்டினார். மதினியின் மகன் வாங்கவில்லை. என்னைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி வாங்கி, மாலையை மதினி பக்கமாகவே ஒதுக்கிப் போடப் பார்த்தான். படம் சின்னது, மாலை பெரிது. அது வழுக்கி இரண்டு பேரையும் சுற்றி விழுந்தது. அப்புறம் அதை நேராக இழுத்துவிட்டுக் கும்பிட்டான்.

அவன் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். கண்ணாடிமேல் மதினியின் நெற்றி இருக்கும் இடத்தில் விரலால் ஒரு பொட்டு வைத்தாள். விரல் படத்தில் என் முகத்துக்குப் பக்கம் வந்து நின்றுவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் வைக்கட்டுமா அத்தை?"

"வை," என்றேன்.